விண்வெளியும் வங்கியும்: எம்.பி.யைப் பேசவைக்கவும் அவர் பேசியதைத் தொடரவும் வேலூர் வட்டாரத்தார்க்கு ஒரு வழிகாட்டி

குடிநீர், சாலை, பாலாற்று மாசு, தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் என்று வேலூர்ப் பக்கத்து மக்களவை உறுப்பினரிடம் கேட்பதற்கு எவ்வளவோ இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி மாநில அரசும் மாவட்ட ஆட்சியரும் உள்ளாட்சி அமைப்புகளும் செய்து முடிக்க வேண்டியவை. அவற்றுக்காக எம்.பி. குரல் கொடுக்கலாம், முடிவு வேறிடத்தில் இருக்கும். விண்வெளி ஆய்வும் வங்கிக் கொள்கையும் அப்படிப்பட்டவை அல்ல. வங்கித் தொழில் அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியலில் 45-ஆவது இனமாக இருக்கிறது. விண்வெளித் துறை பிரதமரின் நேரடிப் பொறுப்பில் இயங்குகிறது. இந்த இரண்டிலும் ஒரு வாக்காளரின் கேள்வியை அதிகாரபூர்வமாகக் கேட்டு, அமைச்சரின் பதிலை எழுத்தில் வாங்கித் தரக்கூடியவர் நாடாளுமன்ற உறுப்பினர்தான். அந்த அதிகாரத்தை அவர் பயன்படுத்தும்படி எப்படிக் கேட்பது, அவர் பயன்படுத்தினாரா என்பதை எப்படிச் சரிபார்ப்பது என்பதைப் படிப்படியாகச் சொல்ல முயல்கிறேன்.

இந்த வட்டாரத்தில் இரண்டுமே அந்நியமான விஷயங்கள் அல்ல. ஜவ்வாது மலையில், ஆலங்காயத்தை அடுத்த காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1968-இல் சிறிய தொலைநோக்கியோடு தொடங்கிய அந்த இடத்தில், 1986 ஜனவரியில் 2.34 மீட்டர் தொலைநோக்கி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதை 1977-இல் வெளிக்கொணர்ந்த நோக்கல்களில் காவலூருக்கும் பங்குண்டு; 1988-இல் அங்கே கண்டறியப்பட்ட சிறுகோள் ஒன்றுக்குக் கணித மேதை ராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. வங்கியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குடியாத்தத்தில் பீடி சுற்றும் பெண்ணும், பேரணாம்பட்டில் தோல் பதனிடும் சிறு முதலாளியும், கணியம்பாடியில் நெல் விதைப்பவரும் ஆண்டுக்கொரு முறையாவது நகையோடு வங்கி வாசலில் நிற்கிறார்கள்.

முதலில், உங்கள் எம்.பி. யார்?

இது எளிய கேள்வியாகத் தோன்றும். ஆனால் பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் பலர் தவறான அலுவலகத்துக்கு மனு அனுப்புவது இந்த இடத்தில்தான். வட ஆற்காடு 1989-இல் இரண்டாகப் பிரிந்தது. அதில் மிஞ்சிய வேலூர் மாவட்டம் 2019 நவம்பரில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. மக்களவைத் தொகுதிகளோ 2008 மறுவரையறையின்படியே நிற்கின்றன. ஆகவே மாவட்ட எல்லையும் தொகுதி எல்லையும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை.

வேலூர் மக்களவைத் தொகுதியில் வேலூர், அணைக்கட்டு, கீழ்வைத்தியணான்குப்பம், குடியாத்தம், வாணியம்பாடி, ஆம்பூர் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அடங்கும். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும் காட்பாடி இதில் இல்லை; அது ராணிப்பேட்டை, ஆற்காடு, சோளிங்கர், அரக்கோணம், திருத்தணியோடு சேர்ந்து அரக்கோணம் தொகுதியில் இருக்கிறது. திருப்பத்தூரும் ஜோலார்பேட்டையும் திருவண்ணாமலை மக்களவைத் தொகுதியைச் சேர்ந்தவை. காட்பாடியில் குடியிருந்துகொண்டு வேலூர் எம்.பி.க்கு எழுதினால் அவர் மரியாதைக்கு ஒரு பதில் அனுப்பலாம். ஆனால் "என் தொகுதி மக்கள்" என்று அவையில் சொல்லும் உரிமை அரக்கோணம் எம்.பி.க்கே உண்டு. வாக்காளர் அடையாள அட்டையில் உள்ள சட்டமன்றத் தொகுதியின் பெயரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

மாநிலங்களவையில் தமிழ்நாட்டுக்கு 18 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தொகுதி எல்லை கிடையாது. வங்கி அல்லது அறிவியல் விஷயங்களில் தொடர்ந்து கேள்வி கேட்டு வருபவர் அவர்களில் எவரோ, அவருக்கும் ஒரு பிரதி அனுப்பலாம்.

எந்தத் துறை என்பதில் தவறினால் எல்லாமே தவறும்

இந்த வேலையில் அதிகக் கவனம் வேண்டிய பகுதி இதுதான். நாடாளுமன்றத்தில் ஒவ்வோர் அமைச்சகத்துக்கும் கேள்விக்கென வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கப்படுகிறது. மக்களவையின் அண்மைக் கூட்டத்தொடர்களில் நிதி அமைச்சகத்துக்குத் திங்கட்கிழமையும் விண்வெளி, அறிவியல் துறைகளுக்குப் புதன்கிழமையும் அமைந்து வந்திருக்கின்றன. கூட்டத்தொடர் அறிவிக்கப்பட்டதும் வெளியாகும் அட்டவணையில் இதை உறுதிசெய்துகொள்ளலாம். துறையைத் தவறாகக் குறிப்பிட்டால் கேள்வி வேறு துறைக்கு மாற்றப்படும், அல்லது "இது எங்கள் பொறுப்பில் வராது" என்ற ஒற்றை வரியோடு திரும்பும். அதற்குள் கூட்டத்தொடரே முடிந்திருக்கும்.

காவலூரையே எடுத்துக்கொள்வோம். வானாய்வகம் என்றவுடன் இஸ்ரோ நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் காவலூரை நடத்துவது பெங்களூரில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனம். அது அறிவியல் மற்றும் தொழில்நுட்பத் துறையின் கீழ் இயங்கும் தன்னாட்சி நிறுவனம். அங்கே தொலைநோக்கியின் கருவிகளைப் புதுப்பிக்க எவ்வளவு நிதி ஒதுக்கப்பட்டது, மலைக் கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்ன நிகழ்ச்சிகள் நடத்தப்படுகின்றன என்ற கேள்விகள் அந்தத் துறைக்கே போக வேண்டும். செயற்கைக்கோள், ஏவுகலம், குலசேகரப்பட்டினம் ஏவுதளம், தனியார் விண்வெளி நிறுவனங்களுக்கு அனுமதி தரும் இன்ஸ்பேஸ் அமைப்பு ஆகியவை விண்வெளித் துறைக்கு உரியவை. இப்போது இரண்டு துறைகளுக்கும் அவையில் பதில் சொல்பவர் ஒரே இணை அமைச்சர் என்பதால் குழப்பம் கூடுகிறது. பதில் சொல்லும் வாய் ஒன்றாக இருந்தாலும் கோப்புகள் இருப்பது இரண்டு வெவ்வேறு அலுவலகங்களில்.

காவலூரைச் சுற்றி மூன்றாவது வகைக் கோரிக்கை ஒன்றும் உண்டு, அது வெளிச்சம். மலையடிவாரத்து ஊர்கள் வளர வளர இரவு வானம் வெளுத்துக்கொண்டே போகிறது. மங்கலான விண்பொருள்களைப் பார்க்க வேண்டிய தொலைநோக்கிக்கு இதைவிடப் பெரிய இடையூறு இல்லை. இதற்கு டெல்லியில் கேள்வி கேட்டு முழுத் தீர்வு கிடைக்காது. தெருவிளக்கு எத்தகையது, அதன் ஒளி கீழ்நோக்கி விழுகிறதா மேல்நோக்கிச் சிதறுகிறதா என்பதெல்லாம் பேரூராட்சியும் ஊராட்சி ஒன்றியமும் ஆட்சியரும் முடிவுசெய்பவை. லடாக்கில் ஹான்லே பகுதி 2022-இல் இருள் வானக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டதும் அந்தப் பகுதி நிர்வாகத்தின் வழியாகத்தான். ஆகவே கருவிக்கு எம்.பி., விளக்குக்கு எம்.எல்.ஏ.வும் ஆட்சியரும் என்று மனுவை இரண்டாகப் பிரியுங்கள். இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் இரு தரப்பும் மற்றவரைக் கைகாட்டிவிட்டு நகர்ந்துவிடும்.

வங்கியிலும் இதே கவனம் வேண்டும். பொதுத்துறை வங்கிகளின் கிளை, பணியாளர், அரசுத் திட்டக் கடன்கள் ஆகியவை நிதி அமைச்சகத்தின் நிதிச் சேவைகள் துறைக்கு உரியவை. நகை மதிப்பில் எத்தனை சதவீதம் கடன் தரலாம் என்ற விகிதம், நகை மதிப்பீடு, முன்னுரிமைத் துறைக் கடனின் (விவசாயம், சிறுதொழில் போன்றவற்றுக்கு வங்கிகள் கட்டாயம் தர வேண்டிய கடன்) வரம்பு ஆகியவற்றை வகுப்பது ரிசர்வ் வங்கி; ஆனாலும் ரிசர்வ் வங்கி பற்றிய கேள்விக்கும் அவையில் பதில் சொல்பவர் நிதி அமைச்சர்தான். சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 2019-இல் உருவான தமிழ்நாடு கிராம வங்கியும் நிதிச் சேவைகள் துறையின் பார்வையில் வரும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கடன் மறுக்கப்பட்டால் மாநிலக் கூட்டுறவுத் துறையை அணுக வேண்டும். அதைச் சட்டமன்றத்தில் எழுப்ப எம்.எல்.ஏ. போதும். மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நிர்வாகத்தில் மாநிலச் சட்டத்தின் சாயல் இருந்தாலும், வங்கித் தொழில் என்ற அளவில் அது ரிசர்வ் வங்கியின் ஒழுங்குமுறைக்கு உட்பட்டது. 2020-இல் வந்த சட்டத் திருத்தம் அந்தப் பிடியை இறுக்கியிருக்கிறது.

எம்.பி.யின் கையில் உள்ள வழிகள்

அவையில் ஒரு விஷயத்தை எழுப்பப் பல வழிகள் உண்டு. அவற்றில் வாக்காளருக்கு மிகவும் பயன்படுவது, செய்தித்தாளில் இடம்பெறாத எழுத்துப்பூர்வக் கேள்விதான் என்பது என் உறுதியான கருத்து.

மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, குறியிடாதவை 230 பட்டியலிடப்படுகின்றன. நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்வார், துணைக் கேள்வியும் கேட்கலாம். ஆனால் எந்தக் கேள்வி பட்டியலில் வரும் என்பது குலுக்கலைப் பொறுத்தது, வந்த இருபதும் ஒரு மணி நேரத்தில் எடுக்கப்படுவது அரிது. உங்கள் எம்.பி.யின் பெயரில் நட்சத்திரக் கேள்வி குறைவாக இருப்பதை மட்டும் வைத்து அவரைக் குறை சொல்வது நியாயமாகாது. குறியிடாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும். புள்ளிவிவர அட்டவணைகள் பெரும்பாலும் இவ்வகைப் பதில்களோடுதான் இணைக்கப்படுகின்றன. அரசுத் துறை வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு இல்லாத கணக்குகளிலிருந்து ஐந்து ஆண்டுகளில் சுமார் 8,500 கோடி ரூபாய் அபராதமாகப் பிடித்திருக்கின்றன என்ற தகவல் 2024 ஜூலையில் நாட்டுக்குத் தெரியவந்தது இப்படிப்பட்ட எழுத்துப்பூர்வப் பதிலில்தான். அடுத்த ஆண்டில் கனரா வங்கி, இந்தியன் வங்கி உட்படப் பல வங்கிகள் அந்த அபராதத்தைக் கைவிட்டன.

விதி 377-இன் கீழ் 250 சொற்களுக்கு மிகாத குறிப்பை எம்.பி. அவையில் பதிவுசெய்யலாம், அமைச்சகம் பின்னர் அவருக்குக் கடிதமாகப் பதில் அனுப்பும். ஊர்ப் பெயரோடு கூடிய கோரிக்கைக்கு, உதாரணமாக வங்கிக் கிளையே இல்லாத மலைக் கிராமத்துக்குக் கிளை கேட்பதற்கு, இது நல்ல வழி. நண்பகலுக்குப் பிறகு வரும் பூஜ்ய நேரம் அவசரப் பொருளுக்கானது. காணொளியாகப் பரவும், ஆனால் அமைச்சர் பதிலளித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெள்ளிக்கிழமை பிற்பகலில் தனிநபர் மசோதா, அதாவது அமைச்சர் அல்லாத உறுப்பினர் தன் பெயரில் முன்வைக்கும் மசோதா, கொண்டுவரலாம். சுதந்திரத்துக்குப் பின் இரு அவைகளிலும் நிறைவேறிச் சட்டமான தனிநபர் மசோதாக்கள் 14 மட்டுமே, கடைசியாக ஒன்று நிறைவேறியது 1970-இல். ஆகவே யாராவது "மசோதா கொண்டுவந்துவிட்டேன்" என்று சுவரொட்டி ஒட்டினால், அதை விவாதத்தைத் தொடங்கிவைத்த முயற்சியாக மதியுங்கள். சட்டம் வந்துவிட்டதாக எண்ணிவிடாதீர்கள்.

துறைவாரியாக எம்.பி.க்களைக் கொண்டு அமைக்கப்படும் நிலைக்குழுவை அநேகமாக யாரும் கவனிப்பதில்லை. விண்வெளித் துறைக்கு 2025-26 நிதிநிலை அறிக்கையில் சுமார் 13,416 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. இவ்வளவு பெரிய தொகை அவையில் தனியாக விவாதிக்கப்படும் என்று நாம் நினைப்போம். ஆனால் பெரும்பாலான துறைகளின் மானியக் கோரிக்கைகள், அதாவது செலவுக்கு அவையிடம் பணம் கேட்கும் கோரிக்கைகள், விவாதமின்றி ஒட்டுமொத்தமாக வாக்கெடுப்புக்கு விடப்பட்டு நிறைவேறுகின்றன. வரி வரியாக ஆராயப்படுவது அறிவியல், தொழில்நுட்பம், சுற்றுச்சூழல், வனம் மற்றும் பருவநிலை மாற்றத்துக்கான நிலைக்குழுவில். வங்கிகளுக்கு நிதி நிலைக்குழு. உங்கள் எம்.பி. இவற்றில் ஏதேனும் ஒன்றில் உறுப்பினராக இருந்தால், நிதிநிலைக் கூட்டத்தொடரின் இடைவேளையில், அதாவது பிப்ரவரி, மார்ச் மாதங்களில், குழு கூடுவதற்கு முன் உங்கள் குறிப்பு அவர் கையில் இருக்க வேண்டும். ஏப்ரலில் அனுப்பிப் பயனில்லை.

கேள்வியை எழுதிக் கொடுப்பது எப்படி

எம்.பி. அலுவலகத்தில் கேள்விகளைத் தயாரிப்பவர் ஓர் உதவியாளராகவோ இருவராகவோ இருப்பார்கள். நான்கு பக்கக் குமுறல் அவர் மேசையில் தங்கிவிடும். அப்படியே அவைச் செயலகத்துக்கு அனுப்பக்கூடிய வடிவில் ஒரு பக்கம் இருந்தால் அது முன்னால் நகரும். கேள்வி அறிவிப்பு, பதில் நாளுக்குக் குறைந்தது முழுமையாக 15 நாட்களுக்கு முன் போய்ச் சேர வேண்டும் என்பது விதி. கூட்டத்தொடர் தொடங்கும் தேதி அறிவிக்கப்பட்ட வாரத்திலேயே உங்கள் தாள் அலுவலகத்தில் இருந்தால்தான் முதல் வாரங்களுக்கு எட்டும். தமிழில் எழுதிக் கீழே ஆங்கில வடிவத்தையும் சேர்த்தால் உதவியாளரின் வேலை பாதியாகக் குறையும்.

கேள்வி பொதுவாக 150 சொற்களுக்குள் அமைய வேண்டும். வாதம், ஊகம், பழிச்சொல், கிண்டல் ஆகியவை இருந்தால் ஏற்கப்படாது, கருத்தைக் கேட்கக்கூடாது, தனிநபர் வழக்கையும் நீதிமன்றத்தில் இருக்கும் விஷயத்தையும் எழுப்பக்கூடாது. "வங்கிகள் ஏழைகளை வஞ்சிப்பது அரசுக்குத் தெரியுமா?" என்று எழுதினால் அது மேடைக்குப் பொருந்தும், அவைக்குப் பொருந்தாது. அதே கவலையைக் கீழ்க்கண்டவாறு எழுதலாம்:

"நிதி அமைச்சர் பின்வருவனவற்றைத் தெரிவிப்பாரா: (அ) வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் பொதுத்துறை வங்கிகள் கடந்த மூன்று நிதியாண்டுகளில் வழங்கிய 2.5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நகைக்கடன்களின் எண்ணிக்கையும் தொகையும், ஆண்டு வாரியாகவும் மாவட்ட வாரியாகவும். (ஆ) அதே காலத்தில் இம்மாவட்டங்களில் ஏலம் விடப்பட்ட அடகு நகைக் கணக்குகளின் எண்ணிக்கை. (இ) கடன் தீர்த்த பிறகு நகையைத் திருப்பித் தருவதில் ஏற்பட்ட தாமதம் குறித்து வந்த புகார்களும் அவற்றின் மீது எடுத்த நடவடிக்கையும். (ஈ) இவ்விவரங்கள் திரட்டப்படவில்லையெனில் அதற்கான காரணம்?"

இதில் கடைசி உட்பிரிவு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. "விவரம் பராமரிக்கப்படவில்லை" என்பது அமைச்சகங்கள் வழக்கமாகத் தரும் பதில். ஏன் பராமரிக்கப்படவில்லை என்பதையும் சேர்த்துக் கேட்டிருந்தால் அந்தக் கதவை அவ்வளவு எளிதாகச் சாத்த முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள். குறிப்பிட்ட ஒரு கடனாளியின் பெயரைச் சொல்லிக் கேட்டால், ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 45-E பிரிவைக் காட்டி, கடன் விவரம் இரகசியமானது என்று மறுத்துவிடுவார்கள். மொத்தத் தொகையாக, மாவட்ட வாரியாக, வகை வாரியாகக் கேட்டால் மறுப்பதற்குக் காரணம் குறைவு.

விண்வெளித் துறைக்கான கேள்வியிலும் ஊரைக் கொண்டுவர முடியும். 2023-இல் வந்த இந்திய விண்வெளிக் கொள்கை, செயற்கைக்கோளிலிருந்து ஏவுகலம் வரை தனியார் நிறுவனங்களுக்கு வழி திறந்தது; 2024-இல் உதிரிபாகத் தயாரிப்பில் 100 சதவீதம் வரை அந்நிய முதலீடு தானியங்கி முறையில் அனுமதிக்கப்பட்டது. ராணிப்பேட்டையில் பெல் நிறுவனத்தின் கொதிகலன் துணைக்கருவி ஆலையும் சிப்காட் தொழிற்பேட்டையும் உள்ள வட்டாரத்தில், உலோகம் கடையத் தெரிந்த கைகள் நிறைய இருக்கின்றன. அவர்கள் விண்வெளித் தரத்துக்குப் பாகம் செய்ய வேண்டுமானால் புது இயந்திரமும் தரச் சோதனையும் வேண்டும்; அதற்குக் கடன் வேண்டும். விண்வெளியும் வங்கியும் ஒரே மேசைக்கு வருவது இந்த இடத்தில்தான். விண்வெளித் துறையிடம் "தமிழ்நாட்டிலிருந்து எத்தனை சிறு, குறு நிறுவனங்கள் இன்ஸ்பேஸில் பதிவுசெய்துள்ளன, மாவட்ட வாரியாக" என்று புதன்கிழமைக்கு ஒரு கேள்வி. நிதி அமைச்சகத்திடம் "விண்வெளிப் பாகத் தயாரிப்புக்குக் கடன் உத்தரவாத நிதியத்தின் கீழ் வழங்கப்பட்ட கடன்" என்று திங்கட்கிழமைக்கு ஒரு கேள்வி. இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கொள்கைக்கும் கடனுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி தெரியும். மாநில அரசு 2025 ஏப்ரலில் வெளியிட்ட விண்வெளித் தொழில் கொள்கை ஐந்து ஆண்டுகளில் 10,000 கோடி ரூபாய் முதலீட்டை இலக்காகக் கொண்டிருக்கிறது. அதில் ராணிப்பேட்டைக்கு என்ன இடம் என்பதைச் சட்டமன்றத்தில் எம்.எல்.ஏ. கேட்கலாம்.

நகைக்கடன்: காலம் தவறாமல் பேசியதால் மாறிய ஒரு விதி

பொதுவெளியில் பேசுவதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு 2025-இல் நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நகைக்கடன் வழங்கலில் முறைகேடுகள் இருப்பதாக ரிசர்வ் வங்கி 2024 செப்டம்பர் இறுதியில் சுற்றறிக்கை விட்டது. அதன் பிறகு, வட்டியை மட்டும் கட்டிக் கடனைப் புதுப்பித்துக்கொண்டிருந்தவர்களிடம், அசலையும் சேர்த்துக் கட்டி நகையை மீட்ட பிறகே மறுபடியும் வைக்கலாம் என்று பல கிளைகளில் சொல்லத் தொடங்கினார்கள். அசலுக்குப் பணம் இல்லாதவர் கந்துவட்டிக்கு ஒரு நாள் கடன் வாங்கி மீட்டு, மறுநாள் அடகு வைத்து அந்தக் கடனை அடைத்தார். 2025 ஏப்ரல் 9 அன்று ரிசர்வ் வங்கி புதிய வரைவு விதிகளை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. நகை மதிப்பில் 75 சதவீதத்துக்கு மேல் கடன் கூடாது, நகைக்கு உரிமையாளர் யார் என்பதற்குச் சான்று வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகள் அதில் இருந்தன. பாட்டி போட்ட சங்கிலிக்கு ரசீது எங்கே இருக்கும்?

தமிழ்நாட்டிலிருந்து எதிர்ப்பு கிளம்பியது. முதலமைச்சர் மத்திய நிதி அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். நாடாளுமன்ற உறுப்பினர்களும் எழுதினார்கள். விவசாய அமைப்புகள் போராடின. மே இறுதியில் நிதி அமைச்சகம், 2 லட்சம் ரூபாய் வரையிலான சிறு கடனாளிகளுக்கு விலக்கு அளிக்கலாம் என்று தான் பரிந்துரைத்திருப்பதாக வெளிப்படையாக அறிவித்தது. ஜூன் 6 அன்று வந்த இறுதி விதிகளில் 2.5 லட்சம் வரை 85 சதவீதம், 5 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம் என்று வரம்பு தளர்த்தப்பட்டது. கடன் தீர்ந்த பிறகு அதிகபட்சம் ஏழு வேலை நாட்களுக்குள் நகையைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதியும் அதில் இடம்பெற்றது. 2026 ஏப்ரல் 1-க்குள் எல்லா நிறுவனங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று கெடு வைக்கப்பட்டது.

அடகுச் சீட்டின் அளவில் இது என்ன மாற்றம்? கல் நீக்கிய நிகர எடை 20 கிராம், மதிப்பீட்டு விலை கிராமுக்கு 9,000 ரூபாய் என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். நகையின் மதிப்பு 1,80,000 ரூபாய். 75 சதவீதத்தில் வரம்பு 1,35,000. 85 சதவீதத்தில் 1,53,000. ஜூன் மாதத்தில் பள்ளிக் கட்டணம் கட்ட நிற்கும் குடும்பத்துக்கு அந்த 18,000 ரூபாய் பெரிய தொகை. ஒரே தவணையில் திருப்பும் கடனுக்கு, முதிர்வு நாளில் கட்ட வேண்டிய வட்டியையும் சேர்த்தே இந்த விகிதம் பார்க்கப்படும் என்பதால் கையில் வருவது இதைவிடக் குறையும். அதையும் மேலாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எதிர்ப்பு பலித்ததற்கு முக்கியக் காரணம், வரைவு நிலையிலேயே, கருத்துக் கேட்கும் காலத்துக்கு உள்ளேயும் அதை ஒட்டியும் குரல் எழுந்ததுதான் என்று நான் கருதுகிறேன். இறுதி விதி வந்த பிறகு எழுப்பும் குரல் திருத்தம் கேட்கும் குரலாகிவிடும். அதற்கு ஆண்டுகள் பிடிக்கும். ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் வரைவுகள் வெளியாவதை உங்கள் ஊரில் ஒருவராவது, வணிகவியல் படிக்கும் ஒரு கல்லூரி மாணவராவது, வாரம் ஒருமுறை பார்த்துவந்தால் போதும். வரைவு வந்த வாரமே எம்.பி.க்கு ஒரு பக்கக் குறிப்பு போகட்டும்.

அவர் செய்தாரா என்று பார்ப்பது

நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் உறுப்பினரின் பெயர், அமைச்சகம், கூட்டத்தொடர் ஆகியவற்றை வைத்துக் கேள்விகளையும் பதில்களையும் தேடலாம். பதில்கள் முழுமையாகக் கிடைக்கின்றன. பிஆர்எஸ் என்ற ஆய்வு நிறுவனம் ஒவ்வோர் உறுப்பினரின் வருகை, கேள்வி, விவாத எண்ணிக்கைகளைத் தொகுத்துத் தருகிறது. எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவுகட்ட வேண்டாம். சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியில் 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கியதைப் பாராட்டிப் பேசாத உறுப்பினர் அநேகமாக இருக்க மாட்டார்; திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்பதில் நமக்கும் பெருமைதான். ஆனால் பாராட்டுரையை விண்வெளிக்கான குரலாகக் கணக்கில் சேர்க்கக்கூடாது. ஒதுக்கிய நிதியில் எவ்வளவு செலவானது என்று கேட்டாரா? திருத்திய மதிப்பீட்டில் ஏன் குறைந்தது என்று கேட்டாரா? 2017-இல் வரைவாக வெளியான விண்வெளிச் செயல்பாடுகள் சட்டம் என்ன ஆயிற்று என்று கேட்டாரா? ஒரே பொருளில் இரண்டு கூட்டத்தொடர்களில் தொடர்ந்து கேட்டிருந்தால் அவர் அக்கறையோடு இருக்கிறார் என்று நம்பலாம்.

டெல்லிக்கு வெளியே, நம் ஊரிலேயே பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு மாவட்டத்திலும், மற்ற வங்கிகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பை ஒரு வங்கிக்குத் தரும் முன்னோடி வங்கித் திட்டத்தின் கீழ், மாவட்ட அளவிலான ஆய்வுக் குழு காலாண்டுக்கு ஒருமுறை ஆட்சியர் தலைமையில் கூட வேண்டும், எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் அதற்கு அழைக்கப்படுகிறார்கள். எந்த வங்கி எந்த ஒன்றியத்தில் எவ்வளவு கடன் கொடுத்தது, முன்னுரிமைத் துறைக்குரிய 40 சதவீத இலக்கு எட்டப்பட்டதா என்பவை பேசப்படும் மேசை அது. வங்கிக் கொள்கை பற்றித் தொலைக்காட்சியில் அழகாகப் பேசும் உறுப்பினர் இந்தக் கூட்டத்துக்கு வருகிறாரா என்பது எனக்கு முக்கியமான அளவுகோல். கூட்டக் குறிப்புகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், 10 ரூபாய் கட்டணத்தோடு, முன்னோடி வங்கி மேலாளரிடம் கேட்டு வாங்கலாம். வருகைப் பட்டியலையும் சேர்த்துக் கேளுங்கள்.

பதில் வந்த பிறகு

அமைச்சரின் பதிலில் "தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்" என்றோ "பரிசீலிக்கப்படும்" என்றோ இருந்தால் அது உறுதிமொழியாகக் கொள்ளப்படலாம். அரசு உறுதிமொழிகளுக்கான குழு அதைக் கண்காணிக்கும், மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது நடைமுறை. அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். "வங்கிகளுக்கு அறிவுறுத்தப்பட்டுள்ளது" என்று பதில் வந்தால் அதன் நகலோடு உங்கள் கிளை மேலாளரிடம் எழுத்தில் முறையிடுங்கள். முப்பது நாட்களுக்குள் தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். விவரங்களுக்கு 14448 என்ற எண் இருக்கிறது.

கிளையில் என்ன நடந்தது, புகாருக்கு என்ன பதில் வந்தது என்பதை அரைப் பக்கத்தில் எழுதி, அடுத்த கூட்டத்தொடருக்கான அறிவிப்பு நாள் நெருங்கும் முன் எம்.பி. அலுவலகத்துக்குக் கொடுங்கள். அதில் முந்தைய கேள்வியின் எண்ணையும் பதில் அளித்த தேதியையும் முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள். அந்த எண்ணைச் சுட்டித் தொடங்கும் கேள்விக்கு, போன முறை சொன்ன பதிலையே அமைச்சகம் மறுபடியும் அனுப்புவது கடினம்.